சம்பியன் ஜேர்மனி, முதலாமிடம் அமெரிக்கா: கூடைப்பந்தாட்ட உலகத் தரவரிசையின் கணக்கு

2023 செப்டெம்பர் 10ஆம் திகதி மணிலாவில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜேர்மனி சேர்பியாவை 83–77 என்று வென்றது. தொடரில் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் ஜேர்மனிக்கு வெற்றிதான். ஐக்கிய அமெரிக்கா அரையிறுதியில் இதே ஜேர்மனியிடம் 113–111 என்று தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் மேலதிக நேரத்தில் கனடாவிடம் விழுந்து, நான்காம் இடத்தோடு ஊர் திரும்பியது. தொடர் முடிந்த கையோடு புதிய உலகத் தரவரிசை வெளியானது. முதலாமிடம் அமெரிக்கா. இரண்டாமிடம், அந்தத் தொடரில் ஒன்பதாவதாக வந்த ஸ்பெயின். கிண்ணத்தைத் தூக்கிய ஜேர்மனி மூன்றாவது.

"அண்ணா, கப் அடிச்சது ஜேர்மனி. பிறகெப்படி அமெரிக்கா முதலாமிடம்? இதில ஏதோ விளையாட்டு நடக்குது" என்று திருகோணமலையில் மாலை நேரத்தில் பந்தாட வரும் பெடியன் ஒருவன் தொலைபேசியை நீட்டிக் கேட்டான். நியாயமான கேள்வி. கிழக்கில் கூடைப்பந்தாட்டம் நேற்று வந்த விளையாட்டு இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் திருகோணமலை, மட்டக்களப்புப் பாடசாலைகளில் அதை ஊன்றி வளர்த்தார்கள். மட்டக்களப்பின் வெபர் மைதானம் அவர்களில் ஒருவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆட்டம் இங்கே பலருக்கும் தெரியும். தரவரிசைக் கணக்கை உட்கார்ந்து விளக்கத்தான் ஆள் குறைவு. கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும், இதை விளங்கிக்கொள்ளலாம்.

தரவரிசையை வெளியிடுவது சர்வதேச கூடைப்பந்தாட்ட சம்மேளனமான ஃபிபா. 1932இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட இந்த அமைப்புக்கு இன்றைய தலைமையகமும் சுவிற்சர்லாந்திலேதான், மீஸ் என்ற சிற்றூரில். ஆண்கள், பெண்கள், இளம் ஆண்கள், இளம் பெண்கள் என்று தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. இங்கே நான் சொல்லப்போவது மூத்த தேசிய அணிகளின் தரவரிசையை. அதில் ஃபிபாவின் அதிகாரபூர்வப் போட்டிகள் மட்டும் கணக்கில் வரும். நட்பு ஆட்டத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டை நாற்பது புள்ளி வித்தியாசத்தில் அடித்தாலும் பட்டியலில் ஒரு புள்ளியும் அசையாது.

முன்பு கணக்கு வேறு மாதிரி இருந்தது. 2017 ஒக்டோபர் வரைக்கும் ஒலிம்பிக், உலகக் கிண்ணம், கண்டக் கிண்ணங்கள் போன்ற பெரிய தொடர்களில் ஓர் அணி எத்தனையாவதாக வந்தது என்பதை மட்டும் பார்த்தார்கள். இடத்துக்கு இத்தனை புள்ளி, அதைத் தொடரின் எடையால் பெருக்கு, முடிந்தது கணக்கு. ஐரோப்பியக் கிண்ணத்தின் எடைக்கும் ஆசியக் கிண்ணத்தின் எடைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. தகுதிகாண் சுற்றோடு நின்றுபோகும் நாடுகள் என்ன செய்தாலும் மேலே ஏற வழி கிடையாது. பிறகு 2019 உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்களை, சொந்த மண்ணில் ஒன்று, எதிரணி மண்ணில் ஒன்று என்று 2017 நவம்பரிலிருந்து நடத்தத் தொடங்கினார்கள். அதற்குப் பொருத்தமாகத் தரவரிசையும் மாறியது. தொடரின் முடிவைப் பார்த்த காலம் போய், ஒவ்வோர் ஆட்டத்தையும் எண்ணும் முறை வந்தது. மகளிர் தரவரிசையும் அப்புறம் இதே வழிக்கு வந்தது. என் பார்வையில் இது நல்ல மாற்றம். சின்ன நாடு ஒன்று பிப்ரவரி மாதத்து இரவில், யாரும் கவனிக்காத அரங்கொன்றில் பெறும் வெற்றியும் இப்போது பதிவாகிறது.

ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி?

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 1000 புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் அதை இரண்டு அணிகளுக்கும் பிரிப்பார்கள். வித்தியாசம் பத்துக்குக் குறைவென்றால் வென்றவருக்கு 600, தோற்றவருக்கு 400. பத்திலிருந்து பத்தொன்பது வரை என்றால் 700, 300. இருபதும் அதற்கு மேலும் என்றால் 800, 200.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் இறுதியாட்டத்தில் அமெரிக்கா பிரான்சை 98–87 என்று வென்றது. வித்தியாசம் 11, ஆகவே அடிப்படைப் புள்ளி 700க்கு 300. அதற்கு முந்திய அரையிறுதியில் சேர்பியாவை அமெரிக்கா 95–91 என்றுதான் தாண்டியது. வித்தியாசம் 4, ஆகவே 600க்கு 400. மகளிர் இறுதியாட்டம் 67–66. அமெரிக்கப் பெண்கள் ஒரேயொரு புள்ளியில் தங்கத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அங்கேயும் 600க்கு 400தான்.

இந்தப் பிரிப்பில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தோற்றவருக்கும் புள்ளி உண்டு. கடைசிவரைக்கும் விடாமல் நின்று தோற்ற அணிக்கும், மூன்றாம் கால்பகுதியிலேயே கையை விட்ட அணிக்கும் நடுவில் 200 புள்ளி வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது, இருபதுக்கு மேலே வாசல் மூடிவிடும். 21 வித்தியாசத்தில் வென்றாலும் 60 வித்தியாசத்தில் வென்றாலும் 800தான். பலவீனமான அணியைப் போட்டு மிதித்துப் புள்ளி சேர்க்க வழியில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

பிடிக்காத ஒன்றும் உண்டு. 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றால் 600, 10 என்றால் 700. கடைசி மூன்று விநாடியில் விழும் ஒற்றை இலவச எறிதல் ஒரு பக்கத்துக்கு நூறைக் கூட்டி, மறுபக்கத்துக்கு நூறைக் குறைத்துவிடும். இப்படிப் படிக்கட்டாக வெட்டாமல் ஒவ்வொரு புள்ளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்கலாம். வெற்றி உறுதியான பிறகும், 9 புள்ளி முன்னிலையில் நிற்கும் அணி கடைசிப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல் எறிந்து பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். தொடருக்குள் சமநிலை வந்தால் புள்ளி வித்தியாசத்தைப் பார்ப்பார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். இந்த நூறு புள்ளியும் அங்கே மறைந்து நிற்கிறது.

எங்கே ஆடினார்கள்?

சொந்த மண்ணில் ஆடிய அணிக்கு 70 புள்ளி கழியும். வெளியூரிலிருந்து வந்து ஆடிய அணிக்கு 70 புள்ளி கூடும். இரண்டு பேருக்கும் பொதுவான மண்ணில் ஆடினால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

ஏன் என்று திருகோணமலையில் ஆடியவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில், கடற்கரைப் பக்கத்துத் திறந்த திடலில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் பந்து எந்தப் பக்கம் எவ்வளவு ஒதுங்கும் என்பது இங்கே வளர்ந்தவனுக்குக் கைப்பழக்கம். வளையத்துக்கு ஓரடி தள்ளிக் குறிவைத்து எறிவான், காற்று பந்தைக் கொண்டுபோய் உள்ளே போடும். கண்டியிலிருந்து வந்த நல்ல எறியாளன் முதல் பாதி முழுக்கக் காற்றோடு சண்டை பிடிப்பான். சர்வதேச ஆட்டங்கள் கூரைக்குக் கீழே நடப்பதால் காற்றுத் தொல்லை அங்கே இல்லை. ஆனால் நீண்ட பயணம், மாறிய நித்திரை நேரம், கத்தும் கூட்டம், பழக்கமில்லாத தரை எல்லாம் உண்டு. இவை அத்தனைக்கும் சேர்த்து ஒரே விலையாக 70 போட்டிருக்கிறார்கள். பெல்ஜியத்திலிருந்து பக்கத்து நெதர்லாந்துக்குப் போய் ஆடினாலும் 70, பசிபிக் தீவொன்றிலிருந்து மத்திய கிழக்குக்குப் பறந்து வந்து ஆடினாலும் 70. இதில் இன்னும் கொஞ்சம் நுணுக்கம் வந்தால் நல்லது. ஆனாலும் வெளியூர் வெற்றி பெரியது என்று கணக்கே ஒத்துக்கொள்வது சரியான காரியம்.

எதிரணி யார்?

மூன்றாவது பகுதி எதிரணியின் இடம். பட்டியலின் நடு இடத்தை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். எதிரணி அந்த நடு இடத்துக்கு எத்தனை இடம் மேலே நிற்கிறதோ, அதை 1.5 ஆல் பெருக்கிக் கூட்டுவார்கள். எத்தனை இடம் கீழே நிற்கிறதோ, அதையும் 1.5 ஆல் பெருக்கிக் கழிப்பார்கள். வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே விதிதான்.

கணக்கு எளிதாக இருக்க, நடு இடம் 80 என்று வைத்துக்கொள்வோம். இப்போது கிழக்கு மாகாணத்துக்கு வருவோம். மட்டக்களப்பும் திருகோணமலையும் இரண்டு நாடுகள் என்று ஒரு கற்பனை. மட்டக்களப்பு உலகத்தில் 20ஆம் இடம், திருகோணமலை 100ஆம் இடம். எங்கள் ஊர்க்காரர் கோபிக்கக்கூடாது, கணக்கு விளங்கத்தான் இப்படி வைத்தேன். கிண்ணியா, மூதூர், வாகரை வழியாகப் பேருந்தில் போய் எங்கள் பெடியள் மட்டக்களப்பில் ஆடுகிறார்கள். ஆட்டம் 72–65 என்று மட்டக்களப்புக்கு வெற்றி.

மட்டக்களப்பின் புள்ளி: வித்தியாசம் 7, ஆகவே 600. சொந்த மண் என்பதால் 70 கழியும். எதிரணி 100ஆம் இடம், அதாவது நடு இடத்துக்கு 20 இடம் கீழே, ஆகவே 30 கழியும். மொத்தம் 500.

திருகோணமலையின் புள்ளி: தோல்விக்கு 400. வெளியூர் என்பதால் 70 கூடும். எதிரணி 20ஆம் இடம், நடு இடத்துக்கு 60 இடம் மேலே, ஆகவே 90 கூடும். மொத்தம் 560.

பார்த்தீர்களா? தோற்ற அணிக்கு வென்ற அணியைவிட 60 புள்ளி கூட. அந்தப் பெடியனுக்கு நான் இதைச் செங்கல் துண்டொன்றால் திடலின் சிமெந்துத் தரையில் எழுதிக் காட்டியபோது அவன் நம்பவில்லை. துண்டை வாங்கி, கீழே தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான். 560தான் வந்தது. "அப்ப தோத்தா நல்லமா?" என்றான். இல்லை. அதே ஆட்டத்தில் திருகோணமலை மூன்று புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தால் 600, 70, 90 எல்லாம் கூடி 760 கிடைத்திருக்கும். மட்டக்களப்புக்கு 400இல் 70ம் 30ம் கழிந்து 300தான். மறுபக்கம், மட்டக்களப்பு தன் தரத்துக்கேற்ப 25 புள்ளி வித்தியாசத்தில் வென்றிருந்தால் அதற்கு 700, எங்களுக்கு 360. வெற்றி எப்போதும் தோல்வியைவிட நல்லதுதான். பெரிய அணி சின்ன அணியைத் தன் மண்ணில் மயிரிழையில் வென்றால், அது பெருமைக்குரிய வெற்றியில்லை என்று கணக்கு சொல்கிறது. உலகம் முழுக்க ரசிகர்கள் நெஞ்சுக்குள் சொல்வதும் அதையேதான்.

உண்மையான ஆட்டம் ஒன்றிலும் போட்டுப் பார்க்கலாம். 2023 உலகக் கிண்ணத்தில் லத்வியா ஸ்பெயினை 74–69 என்று வென்றது. ஆட்டம் நடந்தது ஜகார்த்தாவில், இரண்டு பேருக்கும் பொதுவான மண். ஸ்பெயின் அப்போது உலகத்தில் முதலாமிடம். நடு இடத்தை 80 என்றே வைத்தால், முதலாமிடம் 79 இடம் மேலே, 1.5 ஆல் பெருக்கினால் 118.5. லத்வியாவுக்கு அந்த ஓர் ஆட்டத்தில் 718.5 கிடைக்கிறது. அதே லத்வியா பிரான்சையும் 88–86 என்று வென்றது. காலிறுதியில் ஜேர்மனியிடம் 81–79 என்று மட்டும் தோற்றது. ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தில் லிதுவேனியாவை 98–63 என்று நொறுக்கியது. உலகக் கிண்ணத்துக்கு முதன்முறையாக வந்த அந்த அணி, தொடருக்கு முன்பு 29ஆம் இடத்தில் இருந்தது. தொடர் முடிந்ததும் 8ஆம் இடம்.

இந்த மூன்றாம் பகுதியிலும் எனக்கொரு மனக்குறை இருக்கிறது. கணக்கில் வருவது எதிரணியின் புள்ளி இல்லை, அதன் இடம். பட்டியலில் 5ஆம் இடத்துக்கும் 6ஆம் இடத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கலாம், 90க்கும் 91க்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இந்தச் சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றரைப் புள்ளிதான்.

எட்டு ஆண்டுகள், எடைகள், ஒரு சராசரி

இதுவரை பார்த்தது ஒரேயோர் ஆட்டத்தின் புள்ளி. ஓர் அணியின் இடத்தை முடிவு செய்ய, கடைசி எட்டு ஆண்டுகளில் அது ஆடிய அதிகாரபூர்வ ஆட்டங்கள் எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மதிப்பு கொடுப்பதில்லை. புதிய ஆட்டத்துக்கு எடை கூட, பழைய ஆட்டத்துக்கு எடை குறைவு. எட்டு ஆண்டைத் தாண்டியது உதிர்ந்துவிடும். உலகக் கிண்ணம், ஒலிம்பிக் ஆட்டங்களுக்கு எடை அதிகம். கண்டக் கிண்ணம் அதற்குக் கீழே, தகுதிகாண் ஆட்டம் அதற்கும் கீழே. ஒரே தொடருக்குள்ளும் ஆரம்பச் சுற்றைவிடப் பிந்திய சுற்றுக்கு மதிப்பு கூட. எந்தக் கண்டம் என்பதற்கும் தனி எடை உண்டு.

கடைசியில் வருவது சராசரி வகை எண். பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான். நிறைய ஆடினால் நிறையப் புள்ளி சேரும் என்று நினைத்துவிடுகிறார்கள். தவணைப் பரீட்சையில் ஒன்பது பாடம் எடுத்தவனும் ஆறு பாடம் எடுத்தவனும் சராசரியால் ஒப்பிடப்படுவது மாதிரித்தான் இதுவும். எட்டு ஆண்டாக ஆடிக் குவித்தும் உச்சியிலிருக்கும் அமெரிக்காவின் எண் 1000ஐத் தாண்டாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மட்டக்களப்பு ஆட்டத்துக்கே திரும்புவோம். எடைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் சராசரியை மட்டும் பார்ப்போம். திருகோணமலை அதுவரை 9 ஆட்டம் ஆடியிருக்கிறது, சராசரி 300. மொத்தம் 2700. புதிதாக 560 சேர்ந்தால் 3260. பத்தால் பிரித்தால் 326. ஒரு தோல்வியோடு சராசரி 26 புள்ளி ஏறிவிட்டது. மட்டக்களப்பு 39 ஆட்டம் ஆடியிருக்கிறது, சராசரி 650. மொத்தம் 25,350. அதோடு 500 சேர்ந்தால் 25,850. நாற்பதால் பிரித்தால் 646.25. வென்றும் கிட்டத்தட்ட நான்கு புள்ளி இறங்கிவிட்டது.

குறைவாக ஆடிய அணியின் எண் ஓர் ஆட்டத்திலேயே பெரிதாக ஆடும், நிறைய ஆடிய அணியின் எண் மெல்லத்தான் நகரும். தரவரிசையில் பின்னால் இருக்கும் நாடொன்று திடீரென்று பதினைந்து இடம் ஏறுவதையும், அடுத்த முறை அதே வேகத்தில் இறங்குவதையும் இதை வைத்து விளங்கிக்கொள்ளலாம். ஆடாமலே இடம் மாறுவதும் நடக்கும். தன்னுடைய பழைய ஆட்டங்கள் எடை இழக்கும், பக்கத்தில் நிற்கும் நாடுகள் ஏறும் அல்லது இறங்கும். ஆகவே பட்டியலில் இடத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் புள்ளியையும் பாருங்கள். இரண்டு அணிகளுக்கு நடுவில் ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம் என்றால், யார் மேலே யார் கீழே என்பதற்கு அவ்வளவு பொருள் இல்லை.

ஜேர்மனியின் கேள்விக்கு வருவோம்

2023 செப்டெம்பரில் கணக்கு பார்த்தபோது எட்டு ஆண்டுப் பெட்டிக்குள் என்னென்ன இருந்தன? அமெரிக்காவுக்கு 2016 றியோ தங்கம், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் தங்கம், நடுவில் 2019 உலகக் கிண்ணத்தில் ஏழாம் இடம், பிறகு மணிலாவின் நான்காம் இடம். ஸ்பெயினுக்கு 2019 உலகக் கிண்ணம், 2015இலும் 2022இலும் ஐரோப்பியக் கிண்ணம். ஜேர்மனிக்கு 2022 ஐரோப்பியக் கிண்ணத்தில் வெண்கலம், 2023இல் அந்தத் தங்கமான எட்டு வெற்றிகள். ஆனால் அதே பெட்டிக்குள்தான் 2019 உலகக் கிண்ணத்தில் 18ஆவதாக வந்த கதையும் இருக்கிறது. எட்டு ஆட்டத்தால் ஜேர்மனி 11ஆம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தாவியது. முதலாமிடத்துக்கு அது போதவில்லை. சம்பியன் பட்டம் இரண்டு வாரத்துக் கதை, தரவரிசை எட்டு ஆண்டுக் கதை. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். இதில் யாரும் ஏமாற்றவில்லை.

இன்னொரு விடயமும் பலருக்கு விளங்குவதில்லை. 2022 நவம்பரில் அமெரிக்காவைத் தள்ளிவிட்டு ஸ்பெயின் முதலாமிடத்துக்கு வந்தது. அமெரிக்கா அந்த இடத்தில் பன்னிரண்டு ஆண்டு அசையாமல் இருந்தது. அந்த மாதம் தகுதிகாண் ஆட்டத்தில் அமெரிக்கா பிரேசிலிடம் தோற்றது. ஆடியது யார்? லெப்ரோன் ஜேம்ஸும் இல்லை, ஸ்டெபன் கறியும் இல்லை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்பிஏயின் பருவம் நடக்கும் மாதங்களில் தகுதிகாண் ஆட்டங்கள் வருவதால் அங்கிருந்து வீரர்கள் வர முடியாது. அமெரிக்கா இரண்டாம் நிலை லீக்கிலிருந்து ஆட்களைத் திரட்டி அனுப்பும். சட்டையில் நாட்டின் பெயர் இருந்தால் சரி, உள்ளே யார் இருக்கிறார் என்று சூத்திரம் கேட்காது. ஸ்பெயினோ அந்தச் செப்டெம்பரில்தான் பிரான்சை 88–76 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்திருந்தது. பெயர் பெற்ற நட்சத்திரங்கள் இல்லாத நாளிலும் நன்றாக ஆடும் ஆழம் எந்த நாட்டுக்கு இருக்கிறது என்பதையும் இந்தத் தரவரிசை சேர்த்தே அளக்கிறது. அது அதன் பலம் என்றே நான் நினைக்கிறேன்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. சர்வதேச கிரிக்கெட் பேரவையின் தரவரிசையும் சராசரிதான், பழைய ஆட்டங்களுக்கு அதிலும் அரைவாசி மதிப்புத்தான். ஆனால் அங்கே எதிரணியின் இடத்தைப் பார்ப்பதில்லை, எதிரணியின் புள்ளியைப் பார்ப்பார்கள். இரு அணிகளுக்கும் இடையில் 40க்குக் குறைவான வித்தியாசம் இருந்தால், வென்றவருக்கு எதிரணியின் புள்ளியோடு 50 கூட, தோற்றவருக்கு எதிரணியின் புள்ளியில் 50 குறைய. எத்தனை ஓட்டத்தால் வென்றார்கள், எந்த நாட்டில் வென்றார்கள் என்பது கணக்கில் இல்லை. காலியில் சுழல் ஆடுகளத்தில் வெல்வதும் பேர்த்தில் வெல்வதும் ஒரே விலை. ஆண்கள் உதைபந்தாட்டத்தில் 2018இலிருந்து வேறு வழி: பொதுவாக ஒருவர் இழப்பதை மற்றவர் எடுத்துக்கொள்கிறார், எதிர்பாராத வெற்றிக்குக் கூடக் கிடைக்கும், கோல் வித்தியாசம் சேராது. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே ஆடினார்கள், எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள் என்ற இரண்டையும் கவனிப்பது கூடைப்பந்தாட்டம் மட்டும்தான்.

இலங்கை எங்கே?

ஆண்கள் பட்டியலில் இலங்கை நூறுக்குப் பின்னால் நிற்கிறது. அதைப் பார்த்ததும் "எங்கட ஆக்களுக்கு ஆடத் தெரியாது" என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. சூத்திரத்தை விளங்கிக்கொண்டால் அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரியும். ஐரோப்பிய நாடொன்றுக்கு ஆண்டுதோறும் தகுதிகாண் ஆட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். தோற்றாலும், பலமான எதிரணியோடு ஆடியதற்கும் வெளியூரில் ஆடியதற்கும் புள்ளி சேரும். எங்களைப் போன்ற நாடுகளுக்கு அதிகாரபூர்வ ஆட்டமே எப்போதாவதுதான் வரும். வந்தாலும் தெற்காசிய மட்டத்து முன்தகுதிச் சுற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அங்கே ஆட்டத்தின் எடையும் குறைவு, எதிரணிகளும் எங்களைப் போலவே பட்டியலின் பின்பக்கத்து அணிகள். மட்டக்களப்புக் கணக்கில் எங்களுக்குக் கிடைத்த அந்த 90 போன்ற கூட்டல் அங்கே கிடைக்காது, கழித்தல்தான் வரும்.

வெறும் பெருமைக்கான எண்ணும் இல்லை இது. தொடர்களுக்குக் குலுக்கல் போடும்போது அணிகளைத் தரவரிசைப்படிதான் தட்டுகளாகப் பிரிப்பார்கள். மேல் தட்டில் இருப்பவர்கள் ஆரம்பத்திலேயே ஒருவரோடொருவர் மோதமாட்டார்கள். கீழ்த் தட்டில் இருப்பவருக்குக் குழுவில் பெரிய அணிகள் வந்து விழும். அதனால் பின்னால் இருப்பவர் ஏறுவது இன்னும் கடினமாகிறது. இதற்கு எதிர்வாதமும் உண்டு: மேலேயுள்ள அணியோடு மோதினால்தானே கூட்டல் பெரிதாக வரும். வரும்தான். ஆனால் அதற்கு இருபது வித்தியாசத்துக்குள் தோற்கிற அளவுக்காவது தயாராகியிருக்க வேண்டும். அந்தத் தயாரிப்பு வருவதும் ஆட்டங்கள் ஆடித்தான்.

மூன்று பேர் ஆட்டத்தின் தனிக் கணக்கு

ஒரு வளையம், அரைத் திடல், பக்கத்துக்கு மூன்று பேர். இந்த ஆட்டத்தின் நாட்டுத் தரவரிசை முற்றிலும் வேறு வழியில் போகிறது. அங்கே முதலில் ஆளுக்கு ஆள் புள்ளி. ஃபிபாவின் இணையத்தளத்தில் பதிவு செய்து நடத்தப்படும் சுற்றுப்போட்டியில் ஆடும் ஒவ்வொருவருக்கும், அந்தப் போட்டியின் தரத்துக்கும் தன் அணி பெற்ற இடத்துக்கும் ஏற்பப் புள்ளி விழும். ஒரு நாட்டின் முன்னணி வீரர்களுடைய தனிப்புள்ளிகளைக் கூட்டினால் அது அந்த நாட்டின் புள்ளி. தேசிய அணி வெளிநாடு போய் ஆடாத மாதத்திலும், உள்ளூரில் பதிவு செய்த சுற்றுப்போட்டிகள் நடந்தால் நாட்டின் எண் ஏறும்.

இது எங்களுக்கு எட்டாத கதை என்று நினைக்க வேண்டாம். 2022 பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவில் மூன்று பேர் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, இலங்கை அணி அங்கே ஆடியது. நாடுகளைத் தெரிவு செய்ய இந்தத் தரவரிசையும் பயன்பட்டது. ஐந்து பேர் ஆட்டத்தில் உலகப் பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கும் நாடொன்று, மூன்று பேர் ஆட்டத்தில் அவுஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து ஆடிய அதே விழாவில் இறங்கியது. பெரிய நாடு என்பதற்காக அங்கே இடம் தானாக வந்து விழாது. தோக்கியோவில் இந்த ஆட்டம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் வந்தபோது அமெரிக்க ஆண்கள் அணியால் தகுதி பெறவே முடியவில்லை. தங்கம் லத்வியாவுக்குப் போனது.

இப்படி ஒரு சுற்றுப்போட்டியைத் திருகோணமலையில் நடத்த விரும்பும் கழகங்கள் கவனிக்க வேண்டியது பதிவைத்தான். ஊர்த் திருவிழாவோடு நடக்கும் ஆட்டமோ பாடசாலைப் பழைய மாணவர் கிண்ணமோ எவ்வளவு விறுவிறுப்பாக நடந்தாலும், போட்டியும் அதில் ஆடும் ஒவ்வொருவரும் ஃபிபாவின் மூன்று பேர் தளத்தில் முன்கூட்டியே பதிவாகியிருக்காவிட்டால் யாருக்கும் ஒரு புள்ளியும் சேராது. வீரர் தனக்கென்று ஒரு கணக்கைத் திறந்து, அணியின் பெயரில் இணைந்து, முடிவுகளை ஏற்பாட்டாளர் அந்தத் தளத்திலேயே ஏற்ற வேண்டும். கணக்குத் திறக்கத் தொலைபேசி போதும்.